முதலிப்பட்டிக்கு வராத ஒப்பந்தம்

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. சுமார் 40 பேர் உயிரிழந்தனர். ஆறு நாள்கள் கழித்து, செப்டம்பர் 11-இல், கராச்சியின் பல்தியா பகுதியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்ததில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேரைப் பலிகொண்டது. எட்டு மாதங்களுக்குள் தெற்காசியா கண்ட மூன்று தொழிற்சாலைப் பேரிடர்கள் இவை.

மூன்றிலும் இறந்தவர்கள் நிலம் கைவிட்டதால் கூலிக்கு வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஆனால், இறப்புக்குப் பின் நடந்தவை ஒன்றுபோல் இல்லை. ராணா பிளாசாவுக்குப் பின் மூன்றே வாரங்களில், தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான வங்கதேச ஒப்பந்தம் உருவானது. 200-க்கும் மேற்பட்ட பன்னாட்டு நிறுவனங்கள் சட்டப்படி தங்களைக் கட்டுப்படுத்தும் அந்த ஆவணத்தில் கையெழுத்திட்டன. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகள் சுயேச்சையான பொறியாளர்களால் சோதிக்கப்பட்டன. அறிக்கைகள் பொதுவெளியில் வைக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமையில் 3 கோடி டாலர் நிதி திரட்டப்பட்டது. கராச்சி ஆலையில் துணி தைக்கச் சொன்ன ஜெர்மன் நிறுவனம், நீண்ட போராட்டத்துக்குப் பின் 2016-இல் 51 இலட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தர இசைந்தது. அங்கே தீ வைக்கப்பட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும், தப்பிக்க வழியில்லாத கட்டடத்தில் அத்தனை பேர் வேலை செய்ததற்குத் துணி வாங்கியவரும் பொறுப்பு என்ற கோரிக்கை கைவிடப்படவில்லை.

முதலிப்பட்டிக்கு என்ன வந்தது? அரசின் நிவாரணத் தொகை, விசாரணை, சில கைதுகள், சில மாதங்களுக்குக் கடுமையான ஆய்வு. அதன் பிறகு 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. இவற்றுக்கு இடையிலும் முன்னும் பின்னும் நாளிதழின் உள்பக்கத்தோடு முடிந்துபோன விபத்துகள் பல.

இந்த வேறுபாட்டின் காரணம் எளிமையானது. டாக்காவில் தைக்கப்பட்ட சட்டை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. நம் மாவட்டத்துப் பட்டாசு டெல்லிக்கும் மும்பைக்கும் பாட்னாவுக்கும் போகிறது. உலகப் பட்டாசுச் சந்தை சீனாவின் கையில் இருக்கிறது; இந்தியாவின் ஏற்றுமதி மிகச் சொற்பம். சர்வதேசக் குடிமைச் சமூக அமைப்புகளின் வலைப்பின்னல் சட்டையின் பின்னால் வந்து சேர்ந்தது. பட்டாசின் பின்னால் வர அதற்குப் பாதையே இருக்கவில்லை.

மார்கரெட் கெக், கேத்ரின் சிக்கிங்க் என்ற இரு அரசியல் அறிஞர்கள் 1998-இல் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய வலைப்பின்னல்கள் செயல்படும் விதத்தை விளக்கினர். உள்நாட்டில் அரசின் கதவு திறக்காதபோது, மக்கள் அமைப்புகள் வெளிநாட்டுத் தோழமை அமைப்புகளிடம் செய்தியைக் கொண்டு சேர்க்கின்றன. அவை தத்தம் அரசுகள், நிறுவனங்கள், பன்னாட்டு மன்றங்கள் வழியாக அழுத்தம் தருகின்றன. எறிந்தவரிடமே திரும்பி வரும் வளைதடி போல, அந்த அழுத்தம் சுற்றிவந்து உள்நாட்டு அரசின் மீது விழுகிறது. ஆனால், வளைதடி திரும்பி வர வேண்டுமானால் வெளியே அதற்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி ஏற்றுமதியாகும் பண்டமாக இருக்கலாம். அயல்நாட்டுத் தாய் நிறுவனத்தின் நற்பெயராக இருக்கலாம். அரசு கையெழுத்திட்ட உடன்படிக்கையாகவும் இருக்கலாம்.

நற்பெயர் பிடியாக அமைந்ததற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை, கழிவைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றது வெளிச்சத்துக்கு வந்ததும் 2001-இல் மூடப்பட்டது. உள்ளூர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் கிரீன்பீஸ் போன்ற அமைப்புகளும் சேர்ந்து எழுப்பிய குரல், லண்டன் வரை கேட்டது. ஆலையின் தாய் நிறுவனம் யூனிலீவர். சுமார் 290 டன் பாதரசக் கழிவு 2003-இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஆனால், அங்கே பற்றிக்கொள்ள ஒரு பெயர் இருந்தது. உள்குத்தகைக்கு விடப்பட்ட ஒரு பட்டாசு ஆலையில் யார் பெயரைப் பற்றுவது? உரிமம் ஒருவர் பெயரில், நடத்துபவர் மற்றொருவர், சரக்கு எடுப்பவர் வேறொருவர்.

இனி, நான் வாழும் பகுதிக்கு வருகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் கரிசலும் செவலும் கலந்த வானம்பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மானாவாரிச் சோளமும் பருத்தியும் மல்லியும். அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது. குண்டாற்றில் தண்ணீரைக் காணும் நாள்கள் ஓராண்டில் மிகக் குறைவு. 2018-இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் விருதுநகரும் இராமநாதபுரமும் இடம்பெற்றதில் இங்குள்ள எவருக்கும் வியப்பில்லை. இந்த மண்ணிலிருந்து தவறாமல் வெளியே போகும் விளைபொருள் உழைப்பு ஒன்றுதான்.

அந்த உழைப்பு போகும் வழிகள் பல என்றாலும், பெண்களுக்கு நெடுங்காலமாகத் திறந்திருப்பவை இரண்டு. ஒன்று பஞ்சாலை, உள்ளூர் ஆலைகளுக்கும் திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் இளம்பெண்கள் போகிறார்கள். மற்றொன்று தீப்பெட்டியும் பட்டாசும். விடியும் முன்னே ஆள் ஏற்ற வரும் வேன்கள் இரண்டுக்கும் பொது. ஒரே வீட்டில் மகள் பின்னலாடை ஆலைக்கும் தாய் பட்டாசு ஆலைக்கும் போவது இங்கே அரிதன்று. அந்த மகளுக்கு உலகில் எங்கோ ஓர் அமைப்பு குரல் கொடுக்கக்கூடும். தாய்க்கு அப்படி எவரும் இல்லை. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

மகளுக்கான குரல் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். திருமண உதவித் திட்டம் என்ற பெயரில் வளரிளம் பெண்களை ஆலை விடுதிகளில் அடைத்து வைத்து வேலை வாங்கிய முறையைப் பற்றி உள்ளூர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் பேசிவந்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு மையமும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் 2011-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த நூலும் துணியும் எந்தெந்த வணிகப் பெயர்களுக்குப் போகின்றன என்று காட்டிய பிறகே ஐரோப்பிய நிறுவனங்கள் செவிசாய்த்தன.

அடுத்த படி திண்டுக்கல்லில் எடுத்து வைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும், பெண்கள் தலைமையிலான சிறிய சங்கம் பின்வாங்காமல் நின்றது. ஆசியத் தரைமட்டக் கூலிக் கூட்டணியும் வாஷிங்டனைத் தளமாகக் கொண்ட தொழிலாளர் உரிமை அமைப்பொன்றும் அதனுடன் கைகோத்தன. 2022 ஏப்ரலில், ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் முதலிய வாங்கும் நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்பட்டன. அதன்படி, தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொரு பிரிவிலும் தொல்லைகளைக் கண்காணித்து முறையிடுகிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்த ஆலைச் சரக்குக்கு அமெரிக்கச் சுங்கத்துறை விதித்த தடை, ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைக் கண்டு செப்டம்பரில் விலக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டு அமைப்புகள் வந்து காப்பாற்றின என்று இந்த வரலாற்றைச் சுருக்குவது தவறு. கையெழுத்திட்ட தரப்புகளில் உள்ளூர்ச் சங்கமும் ஒன்று. அது இல்லாதிருந்தால் ஒப்பந்தத்தை அன்றாடம் நடத்த ஆளில்லை. கராச்சி ஆலை தீப்பற்றுவதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் பன்னாட்டுத் தரச் சான்றிதழ் பெற்றிருந்தது. சான்றிதழ் தந்தவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஆலைக்குள் இருந்தவர்களுக்கு அதில் எந்த இடமும் இருக்கவில்லை.

ஏற்றுமதி இல்லாத பண்டத்துக்கு உடன்படிக்கை என்னும் பிடி உதவுமா? உதவியிருக்கிறது, ஆனால் மெதுவாக. தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததே அதற்குச் சான்று. ஸ்மிது கோத்தாரி 1983-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990-இல் வந்தது. 45 ஆயிரம் குழந்தைகள் என்ற எண் அக்காலத்தில் உலகெங்கும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. 1986-இல் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதல் தொகுப்பிலேயே சிவகாசி இருந்தது. 1996 டிசம்பர் 10-இல், எம்.சி. மேத்தா வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1998-இல் மணிலாவில் தொடங்கி ஜெனீவாவில் முடிந்த உலகப் பேரணி, அடுத்த ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182-ஆம் உடன்படிக்கைக்கு வழிவகுத்தது. இந்திய, அமெரிக்க அரசுகளின் நிதியில் நடந்த ‘இண்டஸ்’ திட்டத்துக்குத் தமிழகத்தில் தேர்வான ஐந்து மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது 2017-இல். கோத்தாரியின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள்.

தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் குறைந்ததற்குச் சத்துணவும் பள்ளிகளும் இயந்திரங்களும் சிறு குடும்பங்களும் காரணங்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால், பள்ளிக்கு வெளியே இருக்கும் குழந்தையை வெட்கப்பட வேண்டிய செய்தியாக மாற்றியதில் அந்த வலைப்பின்னலுக்குப் பங்கு உண்டு. பெரியவர்களின் உயிருக்கு அத்தகைய மாற்றம் இன்னும் நேரவில்லை. பாதுகாப்பான பணியிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சேர்த்தது. அதற்குரிய 155, 187-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

வெளிநாட்டு அமைப்புகளின் தலையீடு மாறுவேடமிட்ட வர்த்தகத் தடையே என்று வாதிடுவோர் உண்டு. பொருளியல் மாணவர்களுக்கு இந்த வாதத்தை நான் ஆண்டுதோறும் கற்பித்திருக்கிறேன். அதில் உண்மையும் இருக்கிறது. குழந்தைகள் செய்த பண்டங்களைத் தடைசெய்யும் மசோதா ஒன்று 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்தபோதே, வங்கதேச ஆடை ஆலைகள் அஞ்சிப் பல்லாயிரம் குழந்தைகளை வெளியே தள்ளின. பலர் கல்லுடைக்கவும் அதைவிடக் கொடிய வேலைகளுக்கும் போனதை யுனிசெஃப் பதிவு செய்தது. தொலைவில் இருப்பவரின் கோபம் மட்டும் கொள்கையாகிவிட்டால் இப்படித்தான் முடியும். அந்தந்த ஊர்த் தொழிலாளர்களின் அமைப்பு ஒரு தரப்பாக இல்லாத எந்த வலைப்பின்னலையும் ஐயத்துடன் பார்ப்பது நியாயமே.

அப்படியானால் பட்டாசு ஆலைக்குப் போகும் தாய்க்கு என்ன வழி? வாங்குபவர் வெளிநாட்டில் இல்லை என்றால், வாங்குபவர் இருக்கும் இடத்துக்கு வலைப்பின்னலைக் கொண்டு செல்ல வேண்டும். டெல்லியில் பட்டாசைப் பற்றி ஏற்கெனவே ஒரு வலுவான பரப்புரை நடந்திருக்கிறது. மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் 2015-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே இடமளித்துத் தீர்ப்பளித்தது. பேரியம் சேர்ப்பதும் தடைசெய்யப்பட்டது. நகரத்தார் மூச்சுவிடும் காற்று அந்த வழக்கின் மையம். உற்பத்தியாளர் தரப்பு தொழிலாளரின் பிழைப்பை எடுத்துக் கூறியது. ஆலைக்குள் அவர்களுடைய உயிர் பாதுகாப்பாக இருக்கிறதா என்பது வழக்கின் கேள்வியாகவே இருக்கவில்லை. தலைநகரில் இந்த அளவுக்குத் திறம்படச் செயல்படக்கூடிய அமைப்புகளை அந்தக் கேள்வியின் பக்கம் திருப்புவதே நம் முன் உள்ள பணி.

வங்கதேச ஒப்பந்தத்தின் உட்கூறுகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கில். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால், விதியைக் கடைப்பிடிக்கும் ஆலையின் செலவு கூடுகிறது. கடைப்பிடிக்காத பக்கத்து ஆலை மலிவாக விற்று ஆர்டரைப் பறித்துக்கொள்கிறது. தனியொரு முதலாளியின் நல்லெண்ணத்தால் இந்தச் சுழலை உடைக்க முடியாது. வாங்கும் மொத்த வியாபாரிகள் அனைவரும் ஒரே நிபந்தனையை விதித்தால் மட்டுமே உடையும். வங்கதேசத்தில் நடந்தது அதுதான்: சோதனையில் தவறி, திருத்தவும் மறுத்த ஆலையிடம் கையெழுத்திட்ட எந்த நிறுவனமும் வாங்கக் கூடாது.

இங்கே அதற்கு ஈடாக நான்கு கூறுகளைச் சொல்வேன். வட மாநிலப் பெருநகரங்களின் மொத்த வியாபாரிகளும் உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திடும் ஒப்பந்தம். சரக்கின் மதிப்பில் சிறு விழுக்காட்டைப் பிடித்துச் சேர்க்கும் பாதுகாப்பு நிதி. அரசு ஆய்வுக்கு மேலாகச் சுயேச்சையான ஆய்வும் அதன் அறிக்கையைத் தமிழில் வெளியிடுவதும். கூட்டம் மிகுந்த அறையில், மரத்தடியில், அளவு மீறிய மருந்தோடு வேலை செய்ய மறுத்தால் கூலி இழக்காத உரிமை. உள்குத்தகைக்கு விடப்பட்டது தெரிந்தால் அந்தச் சரக்கை வாங்கியவரும் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஒரு வரியும் அதில் வேண்டும். வீடுகளில் திருட்டுத்தனமாகச் செய்யப்படும் பட்டாசு இந்த வலையில் சிக்காது என்பது உண்மை. வங்கதேசத்திலும் சிறு துணை ஆலைகள் வெளியேதான் நின்றன. ஆயினும், பெரும்பகுதி உள்ளே வந்தால் எஞ்சியதைக் கண்காணிப்பது அரசுக்கு எளிது.

இதற்கு உள்ளூர் அமைப்புகள் வேண்டும். இந்த இடத்தில் இன்றைய கொள்கை எதிர்த்திசையில் இழுக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு வழங்குவதை முற்றிலும் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் இத்திருத்தங்கள் செல்லும் என்றது. வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், சென்னையிலும் டெல்லியிலும் உள்ள பெரிய அமைப்பு விண்ணப்பம் எழுதிப் பெறும் நிதியில் ஒரு பகுதி, ஒன்றிய அளவில் இயங்கும் சிறிய அமைப்புக்கு வருவதே இந்த வலைப்பின்னல்களின் நடைமுறையாக இருந்தது. ஆலை வாசலில் நின்று பேசுபவர் அந்தச் சிறிய அமைப்பின் ஊழியர்தான். நிர்வாகச் செலவு என்று கணக்கில் எழுதப்படுவதில் பெரும்பகுதி அவரைப் போன்றோரின் சம்பளமும் பயணமும். பதிவு பெற்ற இரு அமைப்புகளுக்கு இடையே, இரு பக்கமும் கணக்குக் காட்டும் நிபந்தனையுடன், நிதி பகிர அனுமதிப்பதால் நாட்டின் இறையாண்மைக்கு எந்தக் குறையும் வராது.

அதே நேரத்தில், வெளிநாட்டு நிதியைச் சார்ந்து மட்டுமே நிற்கும் அமைப்பு, நன்கொடையாளரின் அக்கறை வேறு பக்கம் திரும்பினால் சாய்ந்துவிடும் என்பதையும் கடந்த 30 ஆண்டுகளில் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் திட்டங்கள் முடிந்ததும் பூட்டப்பட்ட அலுவலகங்கள் எத்தனையோ. மாதச் சந்தா வாங்கும் சங்கமே நெடுங்காலம் நிற்கும். மற்ற நாட்டு அமைப்புகளிடமிருந்து நாம் பெற வேண்டியது ஒப்பந்தம் எழுதும் அனுபவம், ஆய்வுப் பொறியாளரின் பயிற்சி, வாங்குபவரை மேசைக்கு அழைத்துவரும் நுணுக்கம். அவற்றுக்குச் செலவு அதிகமில்லை. டாக்காவில் அவற்றை 2013 முதல் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய பட்டாசு விலைப்பட்டியல் வெளியாகும். நாடெங்கிலுமிருந்து வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் தீபாவளிக்கு ஆர்டர் தருகிறார்கள். ஒப்பந்தம் கைகூட ஆண்டுகள் ஆகலாம். அதுவரை, அந்தப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு விவரங்களை அச்சிடும்படி மாநில அரசு ஆணையிடலாம்: ஆலை கடைசியாக ஆய்வு செய்யப்பட்ட தேதி, அந்த ஆலையில் கடந்த ஐந்தாண்டுகளில் நேர்ந்த உயிரிழப்புகளின் எண்ணிக்கை. வரும் ஆடியிலேயே இதைத் தொடங்கலாம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி நிறைவு)